பாட்டி சொன்னதும் நைட்டிங்கேல் சொல்லாததும்

(வாசகர் கேள்வி – பதில். விடையளிப்பவர், ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்றுநர். செவிலியர் குடும்பங்களில் வழங்கிவரும் வாசகங்களைச் சேர்த்துவைப்பது வீண் வேலையாகாது என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் சில இங்கே.)

என் பாட்டி நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர். அம்மா அரசு மருத்துவமனையில் ஹெட் நர்ஸாக ஓய்வு பெற்றார். நான் ஸ்டாஃப் நர்ஸ், மகள் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். ‘ஊசி போடுமுன் பேசிவிடு’, ‘அழாத பிள்ளையை முதலில் பார்’, ‘ராத்திரி டூட்டியில் காதுதான் கண்’, ‘எழுதாதது செய்யாதது’ என்று பாட்டி சொன்ன வாசகங்கள் எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்குகின்றன. இவற்றைச் சிறு புத்தகமாக அச்சிட்டு மகளின் பட்டமளிப்பு நாளில் உறவினர்களுக்குக் கொடுக்க ஆசை. ஆனால் சித்தி மகன் இவற்றுள் ஒன்றை, நவீன செவிலியர் பணியின் முன்னோடியான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் படத்தோடு, அவர் சொன்னதாகவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். யார் சொன்னது என்பது அவ்வளவு முக்கியமா? எப்படித் தொகுப்பது?
– வாசகி, நாகர்கோவில்

முக்கியம்தான். உங்கள் பாட்டியின் சொல் ஒன்றை நைட்டிங்கேலின் பெயரில் போட்டால் நைட்டிங்கேலுக்கு அதனால் பெருமை எதுவும் கூடப்போவதில்லை. உங்கள் பாட்டிக்கோ இருந்த ஒரே எழுத்துச் சான்றும் போய்விடும். பெயர் பெற்றவர் சொன்னதாகச் சொன்னால்தான் மதிப்பு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. குடும்ப வாசகத்தின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட வார்டில், ஒரு குறிப்பிட்ட குறையைக் கண்டு, ஒரு குறிப்பிட்ட இளம் செவிலியரை நோக்கிச் சொல்லப்பட்டது. அந்தச் சூழ்நிலையோடு சேர்த்து எழுதினால்தான் உங்கள் மகளுக்கு அது பயன்படும். வெறும் வாசகமாக அச்சிட்டால் நாள்காட்டித் தாளில் வரும் பொன்மொழியாக நின்றுவிடும்.

முதல் வாசகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டி பணிசெய்த காலத்தில் ஊசிக்குழல் கண்ணாடியால் ஆனது. அதைக் கொதிநீரில் இட்டு எடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஊசியும் அப்படித்தான், முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டார்கள். மழுங்கிய ஊசியை, பயந்து இறுகிக் கிடக்கும் தசையில் ஏற்றினால் வலி எத்தனை மடங்காகும் என்பதை எண்ணிப் பார்த்தால், முன்னதாக நாலு வார்த்தை பேசித் தசையைத் தளரவிடச் சொன்ன அந்த அறிவுரை வெறும் இங்கிதம் பற்றியது மட்டும் அன்று என்பது விளங்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் வந்த பிறகு பிறந்த உங்கள் மகளுக்கு இந்தப் பின்னணியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

‘அழாத பிள்ளையை முதலில் பார்’ என்பது நீங்கள் அனுப்பியவற்றுள் மிகச் சிறந்தது என்பது என் கருத்து. வீறிட்டு அழுகிற குழந்தைக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நினைவு இருக்கிறது, அழுவதற்கான தெம்பும் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றிய குழந்தையோ தாயின் தோளில் துணிபோலக் கிடக்கும், கண்கள் குழிவிழுந்திருக்கும், அழுதாலும் கண்ணீர் வராது, வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே மறையாமல் மெல்லத்தான் படியும். புறநோயாளிகள் வரிசையில் அந்தத் தாய் சத்தம் போடமாட்டார். குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு கடைசியில் நிற்பார். நெரிசலில் யாரை முதலில் பார்ப்பது என்று இன்று அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கற்பிக்கப்படும் முறையும் மூச்சுப்பாதை, மூச்சு என்றுதான் தொடங்குகிறது. பாடம் வருவதற்கு முன்பே பாட்டி அதை ஒரே வரியில் சொல்லியிருக்கிறார். எந்தக் குழந்தையைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்பது அம்மாவுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இரவுப் பணியைப் பற்றிய வாசகமும் அப்படியே. திரையில் அலைகோடு காட்டும் மானிட்டர்கள் இல்லாத வார்டில் விளக்கைத் தணித்த பிறகு, செவிலியருக்கு ஓசைகளே செய்தி கொண்டுவந்தன. ஆக்சிஜன் சிலிண்டரோடு இணைத்த நீர்ப்பாட்டிலின் குமிழியோசை நின்றால் எழுந்து போக வேண்டும். இதுவரை கேட்டுக்கொண்டிருந்த குறட்டை நின்றாலும் எழுந்து போக வேண்டும். எந்த ஓசைகளைக் கவனிக்கச் சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

‘எழுதாதது செய்யாதது’ என்பதை மட்டும் பாட்டி சொன்னதாக அச்சிட வேண்டாம். அது உலகெங்கும் செவிலியர் பள்ளிகளில் ஆங்கிலத்தில் சொல்லித்தரப்படும் விதி. கேஸ் ஷீட்டில் பதியாத மருந்து கொடுக்கப்படாத மருந்தாகவே கருதப்படும், அதனால் அடுத்த டூட்டிக்கு வருபவர் அதையே மறுபடி கொடுத்துவிடக்கூடும் என்பது அதன் பொருள். ‘பாட்டி அடிக்கடி சொல்வார்’ என்று எழுதினால் போதும்; அதில் பாட்டிக்குக் குறைவு ஒன்றுமில்லை.

யார் கேட்டது, எப்போது கேட்டது என்று எழுதிவைப்பதால் என்ன பயன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரில் செவிலியர் பள்ளி நடத்திவந்த இங்கிலாந்துச் செவிலியர் எடித் கேவல், முதல் உலகப்போரில் நேசநாட்டுப் படைவீரர்கள் தப்பிச்செல்ல உதவியதற்காக 1915 அக்டோபர் 12 அன்று ஜெர்மானியப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய இரவு சிறையில் தம்மைக் காணவந்த பாதிரியாரிடம், நாட்டுப்பற்று மட்டும் போதாது, யார்மீதும் வெறுப்போ கசப்போ எனக்கு இருக்கக்கூடாது என்னும் பொருளில் அவர் பேசினார். அந்தப் பாதிரியார் அதைக் குறித்துவைத்ததால்தான் இன்று அது ஐயத்திற்கிடமின்றி அவருடைய வாக்காக நிற்கிறது. லண்டனில் டிராஃபல்கர் சதுக்கத்தை அடுத்துள்ள அவருடைய நினைவுச்சின்னத்தில் அந்த வரி 1924-இல்தான் சேர்க்கப்பட்டது. உங்கள் வீட்டில் அந்தப் பாதிரியாரின் இடத்தில் இருப்பவர் நீங்கள். ஒவ்வொரு வாசகத்தின் கீழும் சொன்னவர், கேட்டவர், இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு, எதைக் கண்டு சொன்னார் என்னும் விவரங்களை எழுதுங்கள். நினைவில்லாத விவரத்தை நிரப்ப முயல வேண்டாம். இடத்தைக் காலியாக விடுங்கள், உறவினர் யாராவது நிரப்புவார்.

எங்கள் கல்லூரியில் விளக்கேற்றும் விழாவன்று நைட்டிங்கேல் உறுதிமொழி எடுத்தோம். அம்மாவும் அதையே எடுத்தவர். அதைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டியிருக்கிறோம். அது நைட்டிங்கேல் எழுதியதன்று என்று ஒரு தோழி சொல்கிறாள். உண்மையா?
– மாணவி, கோயம்புத்தூர்

உங்கள் தோழி சொல்வது சரி. அந்த உறுதிமொழி 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஹார்ப்பர் மருத்துவமனையைச் சேர்ந்த ஃபாரண்ட் பயிற்சிப் பள்ளியில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவர் தலைமையில், மருத்துவர்களின் ஹிப்போகிரட்டஸ் உறுதிமொழியைத் தழுவி இயற்றப்பட்டது. நைட்டிங்கேலைப் பெருமைப்படுத்த அவர் பெயரை இட்டார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார், 1910-இல்தான் மறைந்தார். அம்மா எடுத்த உறுதிமொழி என்பதால் அந்தச் சட்டம் சுவரில் இருக்கட்டும். அடியில் 1893, டெட்ராய்ட் என்று சிறியதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அம்மையார் உண்மையில் எழுதியது வேண்டுமானால், 1860-ஐ ஒட்டி வெளிவந்த ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ என்னும் அவருடைய சிறு நூலைப் படியுங்கள். செவிலியர்களுக்கான பாடநூலாக அதை எழுதவில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். வீட்டில் பிறருடைய உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புடைய பெண்களுக்குச் சிந்திக்கச் சில குறிப்புகள் என்கிறார். ஆகவே அது குடும்பங்களுக்கென்றே எழுதப்பட்ட நூல். அதில் சுவரில் மாட்டத்தக்க வீர வசனங்கள் குறைவு; கண்டிப்பான, சற்றே கடுகடுப்பான கட்டளைகள்தாம் நிறைய. நோயாளி கிடக்கும் கட்டிலில் சாயாதே, உட்காராதே, காரணமின்றித் தொடக்கூடச் செய்யாதே என்கிறார். பேசும்போது அவர் வருந்திக் கழுத்தைத் திருப்ப வேண்டாதபடி அவர் பார்வைக்கு எதிரே உட்கார் என்கிறார். நடக்கும்போது உடை சரசரக்கும் செவிலியரைக் கண்டால் நோயாளிக்கு நடுக்கம், ஏன் என்று அவருக்கே தெரியாவிட்டாலும், என்று எழுதுகிறார். காத்திருத்தல், நிச்சயமின்மை, திடுக்கிடப்போகிறோம் என்ற அச்சம் ஆகியவை எந்த உடலுழைப்பையும்விட நோயாளிக்குக் கேடு செய்யும் என்பதும் அவர் கூற்றே.

‘மருத்துவமனையின் முதற்கடமை நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருத்தல்’ என்று பரவலாகக் காட்டப்படும் வாக்கும் உண்மையானதுதான். மருத்துவமனைகளைப் பற்றி அவர் எழுதிய வேறொரு நூலில், இதைப் போய் முதல் விதியாகச் சொல்ல வேண்டியிருப்பது விந்தையாகத் தோன்றலாம் என்ற முன்னுரையோடு அது வருகிறது. மேற்கோள் காட்டுவோர் அந்தக் கேலியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

‘புண் காய்ந்தால்தான் ஆறும், கட்டை அவிழ்த்துக் காற்றுப் படவிடு’ என்பது எங்கள் பெரியம்மாவின் வாக்கு. அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிரெஸ்ஸிங் அறையில் பணிசெய்தவர். இதையும் பேரப்பிள்ளைகளுக்காக எழுதிவைக்கலாமா?
– வாசகர், மதுரை

எழுதிவையுங்கள், ஆனால் அதன்படி நடக்காதீர்கள். பெரியம்மா கற்ற காலத்தில் அதுவே பாடம். 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் மேலோட்டமான காயங்களை இரு வகையாகப் பிரித்து, காற்றுப்பட்டுக் காய்ந்தவற்றைவிட ஈரம் காக்க மூடப்பட்டவற்றில் புதுத்தோல் விரைவாகப் படர்வதைக் காட்டினார். இன்றைய காயக்கட்டு முறைகள் பெரும்பாலும் அந்த வழியில் வளர்ந்தவை. குடும்ப வாசகங்களில் இத்தகையவையும் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டுத் தொகுத்தால் நம் முன்னோர்கள் தவறே செய்யாதவர்கள் என்ற பொய்ச்சித்திரம்தான் எஞ்சும். கீழே ஒரு குறிப்பு மட்டும் கட்டாயம் வேண்டும். ஏனெனில் சர்க்கரை நோயால் காலில் புண் வந்த உறவினர் ஒருவர் பெரியம்மாவின் வாக்கை நம்பிக் கட்டை அவிழ்த்துவிட வாய்ப்புண்டு.

செவிலியர் பணி மிஷனரிகளோடு வந்தது என்றே எங்கும் படிக்கிறேன். நம் பழைய நூல்களில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லையா? எங்கள் குடும்ப மலருக்கு ஒரு தமிழ் மேற்கோள் தேடுகிறேன்.
– ஆசிரியர், கும்பகோணம்

பயிற்சிப் பள்ளி, தேர்வு, பதிவு, சீருடை என்ற அமைப்போடு கூடிய தொழிலாக அது நம் நாட்டில் வேரூன்றியதில் மிஷன் மருத்துவமனைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது, 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. ஆனால் நோயாளியின் அருகிருந்து பார்ப்பவரை மருத்துவத்தின் இன்றியமையாத உறுப்பாகக் கருதும் எண்ணம் அதற்கு மிக முந்தையது. குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள் இது:

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து அதை இயற்றுபவன் என்று நான்கும் சேர்ந்ததே மருத்துவம். ‘நோய்நாடி’ என்று தொடங்கும் குறளை மருத்துவமனைச் சுவர்தோறும் எழுதுகிறோம். செவிலியரைப் பெயர் சொல்லி நிறுத்தும் இந்தக் குறளை ஏனோ எழுதுவதில்லை. பரிமேலழகர் உரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நால்வகைக்கும் நந்நான்கு பண்புகளைச் சொல்லும் அவர், இயற்றுபவனுக்கு உரியவையாக நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னவற்றைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு ஆகியவற்றைக் குறிக்கிறார். ஆயுர்வேத நூலான சரக சங்கிதையும் பரிசாரகருக்கு, அதாவது நோயாளிக்குப் பணிவிடை செய்பவருக்கு, பணிமுறை அறிவு, திறமை, அன்பு, தூய்மை என்று இதே நான்கைச் சொல்கிறது. இரண்டிலும் அன்பு மட்டுமே போதும் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நோயாளிக்கும் நான்கு பண்புகள் உண்டு. தன் நோய்நிலையை உணர்த்திச் சொல்லும் வன்மை அவற்றுள் ஒன்று. புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்தவர்கள் இதைப் படித்தால் சிரித்துக்கொள்வார்கள்.

உங்கள் மலருக்குக் குறளோடு பரிமேலழகரின் அந்த நான்கையும் சேர்த்துப் போடுங்கள்.

ஆண் செவிலியரான எனக்குக் குடும்பத்தில் மேற்கோள் காட்ட யாருமில்லை. ‘பெண்கள் வேலை’ என்று கேலி செய்கிறார்கள்.
– வாசகர், சேலம்

மேலே உள்ள குறளில் ‘உழைச்செல்வான்’ என்று ஆண்பாலில்தான் வருகிறது. கேலி செய்பவர்களிடம் அதைச் சொல்லுங்கள். பெண்களுக்கு மட்டும் என்ற வரம்பு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1916-இல் தொடங்கிய ‘காலேஜ் ஆஃப் நர்சிங்’ என்னும் செவிலியர் அமைப்பு ஆண்களை உறுப்பினராக்கவே 1960 வரை ஆயிற்று. மேற்கோள் இல்லாத குடும்பத்தில் முதலாவதாகச் சொல்லப்போகிறவர் நீங்கள்.

அம்மா 1970-களில் மலேசியாவின் பேராக்கிலிருந்து செவிலியர் பயிற்சிக்காக இங்கே பிரிட்டனுக்கு வந்தவர். இறக்கும்வரை அவருடைய கைப்பையில் ஒரு சீட்டு இருந்தது. ‘நீங்கள் நீங்களாக இருப்பதாலேயே முக்கியமானவர், வாழ்வின் இறுதி வரை முக்கியமானவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அது அவருடைய சொந்த வாக்கா?
– வாசகி, லண்டன்

அது சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரின் வாக்கு. நீங்கள் அமைதியாக இறப்பதற்கு மட்டுமன்றி, இறக்கும்வரை வாழ்வதற்கும் எங்களால் இயன்றதைச் செய்வோம் என்று அது தொடர்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நைட்டிங்கேல் பள்ளியில் செவிலியராகப் பயின்றவர் அவர். முதுகுவலியால் அப்பணியை விட்டு மருத்துவமனைச் சமூகப்பணியாளரானார். இறக்கும் நோயாளிகளின் வலியைத் தீர்க்க வேண்டுமென்றால் மருத்துவராக வேண்டும் என்று கண்டு மறுபடி படித்து மருத்துவரானார். 1967-இல் அவர் தென்கிழக்கு லண்டனில் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்திலிருந்துதான் நவீன வலிதணிப்புப் பராமரிப்பு உலகெங்கும் பரவியது. 2005-இல் அவர் மறைந்ததும் அங்கேயே.

அம்மா அந்த வரியை ஏன் தேர்ந்தார் என்பதையும் விசாரித்துப் பாருங்கள். அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பலரை மூன்றாண்டுப் பதிவுச் செவிலியர் பயிற்சிக்கு விடாமல் இரண்டாண்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் பதவி உயர்வு குறைவு, சொந்த நாட்டில் பல இடங்களில் அங்கீகாரமும் இல்லை. அம்மாவின் சான்றிதழ் எவ்வகையானது என்று பார்த்தால், அந்தச் சீட்டைத் தமக்காகவும் வைத்திருந்தாரா என்பது ஓரளவு தெரியலாம்.

‘சேவைக்கு விலை பேசாதே’ என்பது எங்கள் அம்மாவின் வாக்கு. ஒப்பந்தச் செவிலியரான எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. இதையும் மரபு என்று போற்ற வேண்டுமா?
– வாசகி, திருச்சி

போற்ற வேண்டியதில்லை. அம்மா எந்தப் பொருளில் சொன்னார் என்பதை மட்டும் கேளுங்கள். நோயாளியின் உறவினர் கையில் திணிக்கும் பணத்தை வாங்காதே என்று அவர் சொல்லியிருந்தால், அது நல்ல வாக்கு. சம்பளம் கேட்காதே என்பதுதான் பொருள் என்றால், அந்த வாக்கு செவிலியரிடம் பிறந்ததன்று. செவிலியருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியவர்களுக்கு வசதியானது. தமிழகத்தில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு அப்போது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாயாக இருந்தது. அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினார்கள். பரிமேலழகரின் நான்கு பண்புகளில் இலவசமாக உழைப்பது இல்லை. அம்மாவின் வாக்கை எழுதி, அதன் கீழே உங்கள் மறுப்பையும் உங்கள் பெயரோடு எழுதுங்கள். இரண்டும் குடும்பத்தின் சொத்தே.

கொள்ளுப்பாட்டி செவிலியர் என்று மட்டும் தெரியும். அவர் சொன்னதாக ஒரு வாசகமும் இல்லை. வெள்ளைச் சேலையில் ஒரு புகைப்படம் மட்டும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், வேலூர்

பெயரும் ஆண்டும் தெரிந்தால் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டம் 1926-இல் வந்தது. இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அதன் வழிவந்தது. அதற்குப் பின் பயின்றவராயின் பதிவு எண் இருக்க வாய்ப்புண்டு. பழைய சான்றிதழ் எங்காவது பெட்டியில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மிஷன் மருத்துவமனையில் பயின்றவர் என்றால், தென்னிந்திய மிஷன் மருத்துவமனைகளுக்கெனத் தனித் தேர்வுக் குழு இருந்ததால் சான்றிதழ் அதன் பெயரில் இருக்கலாம். முதல் கடிதம் எழுதிய நாகர்கோவில் வாசகியும் இதைக் கவனிக்க வேண்டும்: கன்னியாகுமரி மாவட்டப் பகுதி 1956 வரை திருவிதாங்கூரையும் பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்ததால், பாட்டியின் பெயர் சென்னைப் பதிவேட்டில் இல்லாமல் போகலாம். புகைப்படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் அந்த ஊரைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனையில் விசாரிப்பது என்பதற்கு அது ஒரு துப்பாகலாம். சேலையில் பதக்கம்போன்ற வட்டமான பள்ளி முத்திரையைக் குத்தியிருந்தால், அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல பயிற்சிப் பள்ளிகள் தனித்தனி முத்திரை வைத்திருந்தன. எழுத்துகள் தெரிந்தால் படியெடுத்து எனக்கு அனுப்புங்கள்.